நாளமில்லாச் சுரப்பிகளும் நம் ஊர் உப்பும்

தைராய்டு, சர்க்கரை நோய், மாதவிடாய்க் கோளாறு, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகிய நான்கும் வெவ்வேறு நோய்கள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆயினும் இவை யாவும் ஒரே மண்டலத்தைச் சேர்ந்தவை. அதுவே நாளமில்லாச் சுரப்பி மண்டலம். அது செயற்படும் முறையை ஓரளவேனும் அறிந்து கொண்டால், மருத்துவர் எழுதித் தரும் பரிசோதனைகளின் பொருளும், மாத்திரைகளைக் குறித்த நேரத்தில் உட்கொள்வதன் தேவையும் தெளிவாகும். நம் தூத்துக்குடி மாவட்டத்திற்கு இதில் தனியொரு தொடர்பும் உண்டு. அதனையும் இக்கட்டுரையில் காண்போம்.

சுரப்பிகள் இரு வகை

நம் உடலில் சில சுரப்பிகள் தாம் சுரக்கும் நீரைக் குழாய்களின் வழியே வெளியேற்றுகின்றன. உமிழ்நீர்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் அத்தகையவை. இக்குழாய்களை நாளம் என்பர். வேறு சில சுரப்பிகளுக்கு நாளம் இல்லை. அவை தம் சுரப்பை நேரடியாக இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. அச்சுரப்பே ஹார்மோன். இரத்தம் உடலெங்கும் செல்வதால், கழுத்திலுள்ள சுரப்பி இதயத்தின் வேகத்தையும், தலைக்குள் உள்ள சுரப்பி சிறுநீரின் அளவையும் கட்டுப்படுத்த இயலுகிறது.

1902ஆம் ஆண்டு இலண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரு அறிஞர்கள், சிறுகுடலில் சுரக்கும் ஒரு பொருள் இரத்தத்தின் வழியே சென்று கணையத்தைத் தூண்டுவதைக் கண்டறிந்தனர். இத்தகைய பொருள்களுக்கு 1905ஆம் ஆண்டு ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற பெயரை வழங்கினார். தூண்டுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

ஹார்மோன் எல்லா உறுப்புகளையும் கடந்து சென்றாலும் எல்லா உறுப்புகளும் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அந்த ஹார்மோனை ஏற்கும் 'ஏற்பிகள்' எந்தச் செல்லில் உள்ளனவோ, அந்தச் செல் மட்டுமே அதன் கட்டளையைப் பெறுகிறது. பூட்டுக்கேற்ற சாவி என்று இதனைக் கருதலாம். எனவே நோயும் இரு வழிகளில் தோன்றக்கூடும். ஹார்மோன் குறைவதோ மிகுவதோ ஒரு வழி. ஹார்மோன் போதிய அளவு இருந்தும் செல்கள் அதனை ஏற்காமல் போவது மற்றொரு வழி.

மேற்பார்வையாளரின் குரல்

மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவிலான பிட்யூட்டரிச் சுரப்பி அமைந்துள்ளது. அதற்கு மேலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி அதனை இயக்குகிறது. தைராய்டு, அட்ரீனல், பெண்களின் சினைப்பை, ஆண்களின் விரை ஆகியவற்றுக்குப் பிட்யூட்டரியிடமிருந்தே ஆணை செல்கிறது.

இந்த ஆணை ஒருவழிப் போக்கன்று. ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். உப்பளத்தில் வேலை மந்தமானால் மேற்பார்வையாளர் குரலை உயர்த்துகிறார். வேலை சீராக நடந்தால் அவர் குரல் தாழ்கிறது. தைராய்டு சுரப்பது குறைந்தால் பிட்யூட்டரியும் அவ்வாறே டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரந்து அதனைத் தூண்டுகிறது. தைராய்டு மிகுதியாகச் சுரந்தால் டி.எஸ்.எச். குறைந்துவிடுகிறது.

'டி.எஸ்.எச். அதிகம் என்கிறீர்கள்; அப்படியானால் தைராய்டு அதிகமாக அல்லவா சுரக்கிறது? பிறகு எதற்கு மேலும் தைராய்டு மாத்திரை?' என்று எங்களிடம் பலர் வினவுவதுண்டு. விடை மேற்கூறியதே. உயர்ந்திருப்பது மேற்பார்வையாளரின் குரல், குறைந்திருப்பது வேலை. இந்த ஒன்றை உணர்ந்தால் பரிசோதனைச் சீட்டைக் கண்டு குழப்பமடைய வேண்டியதில்லை.

தைராய்டும் அயோடினும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி வடிவில் தைராய்டுச் சுரப்பி உள்ளது. இதன் முதன்மையான ஹார்மோன் தைராக்சின். ஒவ்வொரு தைராக்சின் மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் உள்ளன. ஆதலால் இதற்கு டி4 என்ற பெயரும் உண்டு. அயோடின் இன்றித் தைராக்சின் உருவாகாது. உடலால் அயோடினைத் தானே உண்டாக்கவும் இயலாது. உணவே அதற்கு வழி.

உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, குடலின் அசைவு, தோலின் தன்மை, மனத்தின் ஊக்கம் ஆகிய அனைத்திலும் தைராக்சினுக்குப் பங்குண்டு. அது குறைந்தால் சோர்வு, உடல் எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மாதவிடாயில் மிகுந்த போக்கு ஆகியவை தோன்றும். மிகுந்தால் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைதல், மிகுந்த வியர்வை ஆகியவை தோன்றும். அயோடின் போதாதபோது, கிடைக்கும் சிறிதளவையும் பற்றிக்கொள்ளும் பொருட்டுத் தைராய்டு பருக்கிறது. முன்கழுத்துக் கழலை தோன்றும் வழிகளுள் இது ஒன்று.

வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 250 மைக்ரோகிராம் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வாழ்நாள் முழுவதற்கும் கணக்கிட்டாலும் ஒரு தேக்கரண்டி அளவைத் தாண்டாத இப்பொருள், நாள்தோறும் சிறுகச் சிறுகக் கிடைத்தாக வேண்டும்.

கடல் அருகிருந்தும் அயோடின் இல்லையா?

இந்தியாவில் குஜராத்திற்கு அடுத்தபடியாக மிகுதியாக உப்பு விளைவிக்கும் மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு நம் தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. வேப்பலோடை, தருவைகுளம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி எனக் கடற்கரை நெடுகிலும் உப்பளங்கள் உள்ளன. 'கடல் உப்பில் எல்லாச் சத்தும் உண்டு. நமக்கு எதற்கு அயோடின் கலந்த உப்பு?' என்னும் எண்ணம் இப்பகுதியில் வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. அளத்திலிருந்து நேரடியாகக் கிடைக்கும் கல்லுப்பே தூயது எனக் கருதி, அதனையே சமையலுக்குப் பயன்படுத்தும் வீடுகளும் உள்ளன.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அயோடினோ ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் மட்டுமே. அந்த அயோடின் முழுவதும் உப்பிலேயே தங்கியதாக வைத்துக்கொண்டாலும், 5 கிராம் உப்பில் கிடைப்பது 10 மைக்ரோகிராமுக்கும் குறைவு. உண்மையில் அதுவும் கிடைப்பதில்லை. பாத்தியில் உப்பு மணியாகத் திரளும்போது, எளிதில் கரையும் அயோடின் சேர்மங்கள் பெரும்பாலும் எஞ்சிய கசப்பு நீரிலேயே நின்றுவிடுகின்றன. உப்பை வாரிய பின் அந்நீர் வெளியேற்றப்படுகிறது. ஆகவே, கடலிலிருந்து பிறந்த உப்பாயினும் அதில் நம் தேவைக்குரிய அயோடின் இல்லை என்பதே உண்மை.

மீனில் அயோடின் உண்டு. எனினும் நாள்தோறும் எல்லோரும் மீன் உண்பதில்லை. மீனுக்கு மீன் அளவும் வேறுபடும். ஆகையால் அதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

இதற்கான தீர்வை இந்திய மருத்துவர்களே நிறுவிக் காட்டினர். 1956ஆம் ஆண்டு இமயமலையடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில், அயோடின் உப்பு பெற்ற பகுதிகளில் கழலை நோய் வெகுவாகக் குறைந்தது. இதன் பயனாக 1962ஆம் ஆண்டு நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. நேரடியாக உண்பதற்கென விற்கும் உப்பில் அயோடின் இருத்தல் வேண்டும் என்னும் சட்டம் இடையே தளர்த்தப்பட்டு, 2006ஆம் ஆண்டு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. உற்பத்தியிடத்தில் பத்து இலட்சம் பங்கு உப்பில் 30 பங்கும், வாங்குவோரிடம் சேரும்போது குறைந்தது 15 பங்கும் அயோடின் இருத்தல் வேண்டும். அவ்வாறெனில் 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள உப்பாயின் 5 கிராமிலேயே அவ்வளவும் கிடைக்கும்.

ஆயினும் 2018-19ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடத்தப்பெற்ற கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு எனவும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 62 விழுக்காடு மட்டுமே எனவும் தெரியவந்தது. நாட்டிற்கே உப்பு வழங்கும் மாநிலம் இவ்வகையில் பின்தங்கி நிற்பது நாம் சிந்திக்க வேண்டிய ஒன்றாகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

- 'அயோடின் சேர்க்கப்பட்டது' என்று அச்சிடப்பட்ட உறையுடன் கூடிய உப்பையே வாங்குக. கல்லுப்பை விரும்புவோர் அயோடின் கலந்த கல்லுப்பை வாங்கலாம்.
- கருவாடு போடுவதற்கும், தொழிற்சாலைக்கும் என விற்கப்படும் உப்பைச் சமையலுக்குப் பயன்படுத்தற்க.
- உப்பை மூடியுள்ள உலர்ந்த பாத்திரத்தில், அடுப்பின் வெப்பமும் ஈரமும் படாமல் வைத்திடுக.
- அயோடின், உப்பு மணிகளின் மேற்பரப்பில் தெளிக்கப்படுவது. ஆகவே கல்லுப்பை நீரில் அலசி எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுக.
- குழம்பு கொதித்து இறங்கும் தறுவாயில் உப்பிடுவது நன்று.
- அயோடினுக்காக உப்பின் அளவைக் கூட்ட வேண்டா. இரத்த அழுத்தம் கருதி நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் நிற்றல் வேண்டும்.

இங்கு ஓர் ஐயத்தையும் தீர்த்துவிடுவோம். அயோடின் உப்பினால்தான் தைராய்டு நோய் பரவுகிறது என்று சிலர் அஞ்சுகின்றனர். இன்று வளர்ந்தவர்களிடம் நாம் காணும் தைராய்டுக் குறைபாட்டிற்குப் பெரும்பான்மையான காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கி அழிப்பதாகும். ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912ஆம் ஆண்டு விளக்கிய நோய் இது. அயோடின் உப்பு இதனைக் குணப்படுத்தாது. இந்நோயுள்ளோர் அவ்வுப்பைத் தவிர்க்க வேண்டிய தேவையும் இல்லை.

கருவிலும் தொட்டிலிலும்

தைராக்சின் குறைவால் வளர்ந்தவருக்கு நேரும் துன்பம் பெரும்பாலும் மாத்திரையால் நீங்கிவிடும். குழந்தையின் நிலை அத்தகையதன்று. கருவிலும், பிறந்தபின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலும் மூளை வளர்வதற்குத் தைராக்சின் இன்றியமையாதது. கருவின் தொடக்க மாதங்களில் குழந்தையின் தைராய்டு இன்னும் முழுமை பெறாததால், தாயின் தைராக்சினையே அது சார்ந்திருக்கிறது.

சில குழந்தைகள் தைராய்டுச் சுரப்பி இல்லாமலோ, அது சரியாக இயங்காமலோ பிறக்கின்றன. பிறந்தபோது அவை இயல்பாகவே தோன்றும். அடையாளங்கள் வெளிப்படுவதற்குள் வாரங்கள் கடந்துவிடும். அதற்குள் மூளைக்கு ஏற்படும் இழப்பைப் பின்னர் எந்த மருந்தாலும் ஈடுசெய்ய இயலாது. ஆனால் பிறந்த சில நாள்களிலேயே குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தில் இதனை அறியலாம். முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரையைத் தொடங்கினால், அக்குழந்தை ஏனைய குழந்தைகளைப் போன்றே கற்று வளரும். 'பால் நன்றாகக் குடிக்கிறது, நன்றாகத் தூங்குகிறது, பிறகு எதற்குக் குழந்தைக்கு ஊசிக்குத்து?' என்று மறுக்கும் பாட்டிமார்களையும் உறவினர்களையும் நாங்கள் வேண்டிக்கொள்வது இதுவே: இப்பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். அளவுக்கு மீறித் தூங்குதல், நீடிக்கும் மஞ்சட்காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தொப்புள் புடைப்பு ஆகியவை உள்ள குழந்தையைக் காலந்தாழ்த்தாது அழைத்து வருக.

மாத்திரையை உட்கொள்ளும் முறை

1891ஆம் ஆண்டு ஆங்கில மருத்துவர் முர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுடைய ஒரு பெண்மணிக்குச் செலுத்தினார். அப்பெண்மணி அம்மருத்துவத்தைத் தொடர்ந்து, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நமக்குக் கிடைப்பது அளவு குறித்த சிறு மாத்திரை. உடல் தானே சுரக்க வேண்டிய பொருளை அது ஈடுசெய்கிறது. ஆகவே 'மருந்துக்கு அடிமையாகிவிடுவோம்' என்று அஞ்ச வேண்டியதில்லை.

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் இதனை உட்கொள்க. காப்பி, தேநீர், சிற்றுண்டி ஆகியவற்றை அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்து உட்கொள்க. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. தைராக்சின் உடலில் மெல்லவே நிலைபெறும். ஆதலால் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரங்கள் கழித்தே டி.எஸ்.எச். பார்க்கப்படும். பரிசோதனை இயல்பாக வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். அது இயல்பாக வந்ததே மாத்திரையால்தான். கருவுற்றது தெரிந்தவுடன் மாத்திரையை நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். பெரும்பாலும் அக்காலத்தில் அளவைக் கூட்ட நேரிடும்.

கணையமும் கருப்பட்டியும்

வயிற்றின் பின்புறத்தில் உள்ள கணையம், உணவைச் செரிக்கும் நீரை நாளத்தின் வழியாகவும், இன்சுலின், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்களை நேரடியாக இரத்தத்திலும் சேர்க்கிறது. உண்டபின் இன்சுலின் சர்க்கரையைச் செல்களுக்குள் செலுத்துகிறது. பசித்திருக்கும்போது குளுக்ககான் கல்லீரலின் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளிக்கொணர்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் ஏறக்குறைய முற்றிலும் இல்லை. இரண்டாம் வகையில் செல்கள் இன்சுலினை எளிதில் ஏற்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது.

1921ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்படும் வரை, முதல் வகை நோயுற்ற குழந்தைகள் பிழைத்திருப்பது அரிது. இன்றும் அந்நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். காய்ச்சலால் உணவு இறங்காத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்துதல் கூடாது. அளவு குறித்து மருத்துவரைக் கேட்டறிக.

நம் பகுதியில் கருப்பட்டிக்குத் தனி மதிப்பு உண்டு. பனையேறிகளின் உழைப்பில் விளையும் அதில் சில தாதுப்பொருள்களும் உள்ளன. ஆனால் அதன் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே இனிப்புப் பொருளே. எனவே கருப்பட்டிக் காப்பி சர்க்கரையைக் கூட்டாது என்னும் நம்பிக்கை சரியன்று.

மருந்து எடுப்பவருக்குத் திடீரென வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் அது சர்க்கரை குறைந்ததன் அடையாளம். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைக.

வெயிலும் அட்ரீனலும்

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். கோடை வெயிலில் உப்பளத்தில் உழைப்பவரின் உடல், வியர்வையாக நீரையும் உப்பையும் இழக்கிறது. அப்போது பிட்யூட்டரியிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் சிறுநீரில் நீர் வீணாகாமல் காக்கிறது. அட்ரீனலின் ஆல்டோஸ்டிரோன் உப்பைக் காக்கிறது. சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாவது இதனால்தான். ஹார்மோன்கள் இழப்பைக் குறைக்குமேயன்றி நீரை உண்டாக்கா. எனவே வேலைக்கிடையே நீர் அருந்துதல் இன்றியமையாதது.

அட்ரீனலின் மற்றொரு ஹார்மோனாகிய கார்ட்டிசால், காய்ச்சல், காயம், அறுவை ஆகிய நெருக்கடிகளில் இரத்த அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய்களுக்கு அளிக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் இதன் வகையைச் சேர்ந்தவை. சில வாரங்களுக்கு மேல் அவற்றை உட்கொண்டால், வெளியிலிருந்து வரத்து இருப்பதைக் கண்டு அட்ரீனல் தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி நேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கூறியவாறு படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். மூட்டுவலியை ஒரே நாளில் போக்குவதாகக் கூறி விற்கப்படும் பெயரற்ற பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அத்தகையவற்றை உட்கொள்வோர் அதனை எங்களிடம் மறைக்காமல் கூறுக.

ஏனைய சுரப்பிகள்

தைராய்டின் பின்புறம் அரிசி அளவில் உள்ள 4 பாராதைராய்டுச் சுரப்பிகள் இரத்தத்தின் கால்சியத்தைக் காக்கின்றன. தைராய்டு அறுவைக்குப் பின் விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போதல் தோன்றினால் உடனே தெரிவிக்கவும். சினைப்பையும் விரையும் பருவ மாற்றத்தையும் இனப்பெருக்கத்தையும் நடத்துகின்றன. 8 வயதுக்கு முன் பெண் குழந்தையிடமோ, 9 வயதுக்கு முன் ஆண் குழந்தையிடமோ பருவ அடையாளங்கள் தோன்றினாலும், 15 வயது கடந்தும் மாதவிடாய் வராவிட்டாலும் மருத்துவரைக் காண்பது நன்று.

பராமரிப்போர்க்கு

ஹார்மோன் குறைபாடுகள் பலவற்றில் நோயாளியே தம் நோயை அறியார். தைராய்டு குறைந்த பெண்மணியை வீட்டார் 'சோம்பல்' என்று கடிந்துகொள்வதும், சர்க்கரை குறைந்து தடுமாறுபவரைக் குடித்திருப்பதாக எண்ணுவதும் நிகழ்கின்றன. ஆகவே மாற்றத்தை முதலில் காணக்கூடியவர் உடனிருப்பவரே. மருத்துவமனைக்கு வரும்போது பழைய பரிசோதனைச் சீட்டுகளையும், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் உறையுடன் கொண்டு வருக. இன்சுலின் அல்லது ஸ்டீராய்டு எடுப்பவர், அச்செய்தியை எழுதிய சீட்டை எப்போதும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்திருத்தல் வேண்டும்.

மிகச் சிறிய அளவில் சுரந்து உடல் முழுவதையும் ஆள்பவை ஹார்மோன்கள். குறையும்போது அவற்றை ஈடுசெய்யப் பெரும்பாலும் எளிய மருந்துகள் உள்ளன. அவற்றை நிறுத்தாமல், உரிய நேரத்தில், உரிய அளவில் எடுத்துக்கொள்வது நோயாளியின் கையிலும் குடும்பத்தின் கையிலும் உள்ளது. இன்று வீட்டிற்குச் சென்றதும் உப்பு உறையை எடுத்து, அதில் அயோடின் என்னும் சொல் உள்ளதா என்று பார்க்குமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.